சேவை என்று சொல்லிச் சுரண்டாதே!

கொல்லிமலையில் பதினான்கு நாடுகள். அவற்றில் ஒன்று வாழவந்தி நாடு. பெயரைப் பாருங்கள், தோழர்களே! வாழ வந்தவர்களின் நாடு! காரவள்ளி அடிவாரத்திலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏறினால் இந்த நாட்டுக்கு வரலாம். மிளகும் காப்பியும் விளைகிற மண். வாழையும் அன்னாசியும் பலாவும் மரவள்ளிக் கிழங்கும் லாரி லாரியாய் மலையிறங்கிப் போகின்றன. ஆடி மாதத்தில் வல்வில் ஓரிக்கு விழா எடுத்து, அவன் வள்ளன்மையை மேடையில் புகழ்ந்துவிட்டு மலையிறங்குகிறவர்களும் உண்டு.

நாம் இங்கே பேசப் போவது விழாவைப் பற்றியல்ல. விடிவதற்கு முன் எழுந்து, தன் வீட்டு அடுப்பை மூட்டி, தன் பிள்ளைகளுக்குத் தலைவாரி, அதன் பிறகு ஊரார் பிள்ளைகளில் நடக்க முடியாத பிள்ளைக்கும், பேச்சு வராத பிள்ளைக்கும், அறிவு வளர்ச்சி பின்தங்கிய பிள்ளைக்கும் பாடம் சொல்லப் போகிறாளே, அந்தச் சகோதரியைப் பற்றிப் பேசப் போகிறோம். சமவெளியில் தொண்டு நிறுவனங்கள் நடத்தும் சிறப்புப் பள்ளிகளில் அவள் இருக்கிறாள். மலையில் வட்டார வள மையத்தின் சிறப்பாசிரியையாக வீடு வீடாக நடக்கிறாள். வேலை ஒன்றுதான், நிலைமையும் ஒன்றுதான்.

"குடும்பத்தையும் பார்த்துக்கொண்டு இந்த வேலையையும் எப்படித்தான் செய்கிறீர்களோ!" என்று பலரும் அவளைப் பாராட்டுகிறார்கள். சிலர் புத்திமதியும் சொல்கிறார்கள்: அதிகாலையில் எழு, நேரத்தைத் திட்டமிடு, மனத்தை அமைதியாக வைத்துக்கொள் என்று. நாம் கேட்கிறோம்: நான்கரை மணிக்கு எழுகிறவளை இன்னும் எத்தனை மணிக்கு எழச் சொல்கிறீர்கள்?

அவளுடைய ஒரு நாள்

அவளுடைய ஒரு நாளைக் கணக்கெடுத்துப் பார்ப்போம். சோறாக்கி, குழம்பு வைத்து, மாமியாருக்கு மாத்திரை எடுத்துக் கொடுத்து, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டுப் பஸ்ஸுக்கு ஓடுகிறாள். பஸ் தார்ச் சாலையில் இறக்கிவிடும். அங்கிருந்து காப்பித் தோட்டத்துக்குள் ஒற்றையடிப் பாதை. மழைக்காலத்தில் பத்தடி தூரத்தில் வருகிற ஆள் தெரியாத மூடுபனி. நடந்து போய்ச் சேர்ந்தால், குடிசைத் திண்ணையில் பாயில் ஒரு குழந்தை. பத்து வயது இருக்கும். பெருமூளை வாதம். கால்கள் இரண்டும் கத்திரிக்கோல் போலப் பின்னிக் கிடக்கின்றன.

அந்தக் கால்களை மெல்ல நீவி, நீட்டி, மடக்கி, பழக்க வேண்டும். கையில் குவளையைப் பிடிக்கக் கற்றுக்கொடுக்க வேண்டும். நம் பிள்ளைகள் தாமாகவே கற்றுக்கொள்கிற இந்தக் காரியத்துக்கு ஒரு சிறப்பாசிரியைக்குச் சில மாதங்கள் பிடிக்கும். சில குழந்தைகளுக்கு ஆண்டே ஆகும். பசி என்று கை காட்டத் தெரிந்துவிட்டால் அது ஒரு வெற்றி. சிறுநீர் வருவதை முன்கூட்டிச் சொல்லத் தெரிந்துவிட்டால் அந்தத் தாய்க்கு அது தீபாவளி. இந்த வெற்றிகளுக்குப் பரீட்சையும் இல்லை, மார்க்கும் இல்லை, பத்திரிகையில் படமும் வராது.

ஒரு வீடு முடிந்து அடுத்த வீடு. அடுத்த குக்கிராமம். மாலையில் வீடு திரும்பினால் மறுபடியும் அடுப்பு. பாத்திரம். துணி. பிள்ளைகளின் வீட்டுப் பாடம். எல்லோரும் படுத்த பிறகு அன்றைய பதிவேடு, கைபேசியில் ஏற்ற வேண்டிய விவரம். கண்ணை மூடும்போது மணி பதினொன்று. சொந்தப் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால்? லீவு போட்டால் அங்கே பாயில் கிடக்கும் குழந்தைக்கு அந்த வாரப் பயிற்சி போச்சு. லீவு போடாவிட்டால் இங்கே தன் பிள்ளை தவிக்கும். எந்தப் பக்கம் போனாலும் ஒரு குழந்தையின் முன் குற்றவாளியைப் போல நிற்கிறாள்.

குற்றவாளி அவளா? இல்லை. இந்த நிலைமையை உண்டாக்கியவர்கள்தான் கூண்டில் நிற்க வேண்டியவர்கள்.

அதே திண்ணையில் இன்னொரு பெண்

அந்தத் திண்ணையில் இன்னொரு பெண்ணும் இருக்கிறாள். அவள் அந்தக் குழந்தையின் தாய். ஆசிரியை வாரத்தில் ஒரு நாள் வருகிறாள். தாயோ 7 நாளும் 24 மணி நேரமும் வேலையில் இருக்கிறாள். மிளகு பறிக்கக் கூப்பிட்டால் போக முடியாது. மரவள்ளி பிடுங்கக் கூப்பிட்டால் போக முடியாது. குழந்தையை யாரிடம் விட்டுப் போவாள்? வீட்டுக்காரர் ஒருவரின் கூலியில்தான் குடும்பம் முழுதும் வயிறு கழுவ வேண்டும்.

சட்டம் இந்தத் தாயைப் பார்த்ததா என்று தேடினோம். 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தைப் பாருங்கள். 30 பெண்களுக்கு மேல் வேலை செய்யும் ஆலையில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்றது அது. மில் தொழிலாளர்கள் நன்கு அறிந்த விஷயம் இது. ஆனால் எந்தக் குழந்தைக்கு? 6 வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு. 2005ஆம் ஆண்டு நூறு நாள் வேலைச் சட்டத்தைப் பாருங்கள். வேலைத்தளத்துக்கு 6 வயதுக்கு உட்பட்ட ஐந்து குழந்தைகளோ அதற்கு மேலோ வந்தால் அவர்களைப் பார்த்துக்கொள்ள ஒரு பெண்ணை நியமித்துக் கூலி தர வேண்டும் என்றது. இங்கேயும் 6 வயதோடு நின்றுவிட்டது.

போராடிப் பெற்ற நல்ல விதிகள்தான் இவை. ஆனால் 12 வயதிலும் இரண்டு வயதுக் குழந்தைக்குத் தேவையான கவனிப்பு தேவைப்படும் பிள்ளையை என்ன செய்வது? ஆறாவது பிறந்த நாளோடு அந்தப் பிள்ளை எழுந்து நடந்துவிடுமா? சட்டத்தை எழுதியவர்களின் கண்ணுக்கு அந்தப் பிள்ளை தெரியவில்லை. தெரியாததால் அதன் தாயும் தெரியவில்லை.

சர்க்கார் உதவித் தொகை தருகிறதே என்பார்கள். தமிழ்நாட்டில் கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்களுக்கும் அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்குமான மாதப் பராமரிப்புத் தொகை 1,500 ரூபாயிலிருந்து 2,000 ரூபாயாக 2023இல் உயர்ந்தது. அதுவும் சும்மா வரவில்லை. மாற்றுத்திறனாளிகளும் அவர்களைப் பராமரிப்போரும் தெருவில் உட்கார்ந்து, கைதாகி, கோரிக்கை எழுப்பிப் பெற்றது. கணக்குப் போடுங்கள்: நாள் ஒன்றுக்கு 67 ரூபாய்க்கும் குறைவு! இதே உழைப்புக்குப் பக்கத்து ஆந்திராவில் 2024 ஜூலை முதல் மாற்றுத்திறனாளி ஓய்வூதியம் 3,000 ரூபாயிலிருந்து 6,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. படுத்த படுக்கையாகக் கிடப்போருக்கு 15,000 ரூபாய் என்று அறிவிக்கப்பட்டது. அங்கே முடிந்தது இங்கே ஏன் முடியவில்லை?

ஆகவே திண்ணையில் இரண்டு பெண்கள். ஒருத்திக்குச் சம்பளமே இல்லை. மற்றவளுக்கு அரைகுறைச் சம்பளம். இருவரும் சேர்ந்து செய்வது யாருடைய வேலை? சர்க்காரின் வேலை! 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் சொன்ன வேலை. கடும் ஊனமும் பலவகை ஊனமும் உள்ள குழந்தை வீட்டிலிருந்தே கல்வி பெறலாம் என்று 2012இல் அதற்குத் திருத்தம் வந்தது. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிட்டு, 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வி உரிமை என்று எழுதி வைத்தது. உரிமையை டில்லியில் எழுதிவிட்டார்கள். அதைச் சுமந்துகொண்டு மலையேறுகிறவள் இந்தச் சகோதரி.

ஒப்பந்தம் என்னும் கயிறு

அவள் நிரந்தர ஆசிரியை அல்ல. ஒப்பந்தம், தொகுப்பூதியம். ஆண்டுக்கு ஆண்டு புதுப்பிக்கும் வேலை. சிறப்புக் கல்வியில் முறையாகப் படித்து, 1992ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த இந்திய மறுவாழ்வு மன்றத்தில் பெயரைப் பதிவு செய்தவள். அந்தப் பதிவு இல்லாமல் இந்த வேலை பார்க்கக்கூடாது என்று சட்டம் அவளைக் கட்டுகிறது. தகுதியில் கறார்; சம்பளத்தில் மட்டும் தாராளமாகக் கைவிரிப்பு!

இந்த அநியாயம் உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. ரஜ்னீஷ் குமார் பாண்டே என்பவர் தொடுத்த வழக்கில், தொடக்கப் பள்ளியில் இத்தகைய 10 குழந்தைகளுக்கு ஒரு சிறப்பாசிரியர், நடுநிலையில் 15 குழந்தைகளுக்கு ஒருவர் என்ற விகிதத்தை 2021 அக்டோபர் 28 அன்று நீதிமன்றம் வகுத்தது. மாநிலங்கள் அசையவில்லை. 2025 மார்ச் 7 அன்று மறுபடியும் உத்தரவு: எத்தனை இடங்கள் தேவை என்று மூன்று வாரத்துக்குள் அறிவியுங்கள், நிரந்தர நியமனம் செய்யுங்கள், ஆண்டுக்கணக்கில் ஒப்பந்தத்தில் உழைப்பவர்களைக் குழு அமைத்துப் பரிசீலித்து முறைப்படுத்துங்கள் என்று. சில மாநிலங்களில் 20 ஆண்டுகளாக ஒப்பந்தத்திலேயே வேலை வாங்கப்படுவதும் நீதிமன்றத்தின் முன் வந்தது. 20 ஆண்டுகள்! வேலைக்குச் சேர்ந்தபோது கைக்குழந்தையாக இருந்த பிள்ளை கல்லூரி முடித்து வந்துவிடும். தாய் மட்டும் இன்னும் 'தற்காலிகம்'!

சம வேலைக்குச் சம ஊதியம் என்பது தற்காலிக ஊழியருக்கும் பொருந்தும் என்று 2016இலேயே பஞ்சாப் வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. தீர்ப்பு புத்தகத்தில் இருக்கிறது. சம்பளம் எங்கே இருக்கிறது?

விடுப்பின் கதையும் இதுதான். மத்திய சர்க்காரின் நிரந்தரப் பெண் ஊழியருக்குக் குழந்தை பராமரிப்பு விடுப்பு 730 நாள் உண்டு. மாற்றுத்திறன் பிள்ளை என்றால் வயது வரம்பும் கிடையாது என்று 2018இல் விதி மாறியது. இமாசலப் பிரதேசத்தில் ஓர் உதவிப் பேராசிரியை, மரபு நோயுள்ள தன் மகனைப் பார்த்துக்கொள்ள இந்த விடுப்பைக் கேட்டு மறுக்கப்பட்டு, உச்ச நீதிமன்றம் வரை போனார். இது சலுகையல்ல, பெண்கள் வேலையில் சம பங்கு பெறுவதற்கு அரசியல் சட்டம் விதிக்கும் கடமை என்று 2024 ஏப்ரல் 22 அன்று நீதிமன்றம் சொன்னது. சரியான பேச்சு! ஆனால் ஒப்பந்தக் கடுதாசியில் கையெழுத்துப் போட்ட நம் சகோதரிக்கு 730 நாள் வேண்டாம். பிள்ளைக்குக் காய்ச்சல் வந்த மூன்று நாளைச் சம்பளப் பிடித்தம் இல்லாமல் கொடுப்பார்களா?

இதற்கு மேல் டில்லியின் விளையாட்டு வேறு. 'சமக்ர சிக்ஷா' என்னும் கல்வித் திட்டத்தின் செலவில் 60 பங்கு மத்திய சர்க்காருடையது, 40 பங்கு மாநிலத்துடையது. பி.எம். ஸ்ரீ ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடவில்லை என்பதற்காக 2024-25ஆம் ஆண்டுக்குத் தமிழ்நாட்டுக்கு வரவேண்டிய சுமார் 2,152 கோடி ரூபாயை மத்திய சர்க்கார் நிறுத்தி வைத்தது. மாநில அரசு 2025இல் உச்ச நீதிமன்றத்தில் வழக்குப் போட வேண்டி வந்தது. வட்டார வள மையமும் அதன் சிறப்பாசிரியர்களும் இந்தத் திட்டத்தில்தான் இருக்கிறார்கள். மேலே இரண்டு சர்க்கார்கள் மல்லுக்கு நிற்க, கீழே நசுங்குவது யார்? மளிகைக் கடையில் கடன் சொல்லி நிற்கும் ஆசிரியையும், பாயில் கிடக்கும் குழந்தையுமே. டில்லியைக் கண்டிக்கிற நாம் மாநிலத்தையும் விடப்போவதில்லை. பணம் வந்த ஆண்டுகளிலும் ஒப்பந்தம் ஒப்பந்தமாகத்தானே இருந்தது?

'தியாகம்' என்னும் போர்வை

நியாயம் கேட்டால் உடனே ஒரு பேச்சு கிளம்பும்: "இது புனிதமான சேவை. தெய்வக் குழந்தைகளுக்குச் செய்கிற தொண்டு. இதற்குப் போய்க் கூலி கேட்கலாமா?"

கேட்கலாம், கேட்கத்தான் வேண்டும். ஒரு காலத்தில் பள்ளி ஆசிரியரிடமும் இதையே சொன்னார்கள். ஆஸ்பத்திரி நர்ஸிடம் சொன்னார்கள். அங்கன்வாடி ஊழியரை இன்றும் 'தொண்டர்' என்றும் 'மதிப்பூதியம்' என்றும் சொல்லி ஏய்க்கிறார்கள். மாலை போடுகிற கை சம்பளப் பட்டியலில் கையெழுத்துப் போடாது. அதுதான் இந்தத் தியாகப் பேச்சின் ரகசியம். தொண்டு நிறுவனத்தின் சிறப்புப் பள்ளியானாலும், சர்க்கார் மையமானாலும், அன்போடு செய்கிற வேலையும் வேலைதான். அன்பு கடையில் அரிசியாகாது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சம்பளம் பற்றாமல், வீட்டையும் சமாளிக்க முடியாமல் ஒரு சிறப்பாசிரியை வேலையை விட்டுப் போனால், வேறொருத்தி வந்துவிடுவாள் என்று அதிகாரிகள் நினைக்கலாம். ஆனால் குழந்தைக்கு என்ன ஆகும்? நீவி நீட்டாமல் விட்ட தசை மறுபடியும் சுருங்கி இறுகும். இரண்டு ஆண்டு உழைப்பில் பிடிக்கத் தெரிந்த குவளை கையிலிருந்து நழுவும். புது முகத்தைக் கண்டால் அலறும் குழந்தை மறுபடியும் முதல் நாளிலிருந்து தொடங்க வேண்டும். ஆகவே ஆசிரியையின் நிரந்தரம் ஆசிரியைக்கு மட்டும் அல்ல. குழந்தையின் கால் நிமிர்வதும் நிமிராததும் அதில் இருக்கிறது.

சோவியத் நாட்டு மனவியல் அறிஞர் விகோத்ஸ்கி 1920களில் இத்தகைய குழந்தைகளிடையே ஆராய்ச்சி செய்தார். காசநோயால் 1934இல், 37 வயதிலேயே மறைந்துவிட்டார். அவர் கண்டதன் சாரம் இதுதான்: உடலில் உள்ள குறையைவிட, அந்தக் குறையைக் காரணம் காட்டிச் சமூகம் குழந்தையை ஒதுக்கி வைப்பதே குழந்தையை அதிகம் முடமாக்குகிறது. பணக்கார வீட்டில் இதே குழந்தை பிறந்தால் மணிக்கு இவ்வளவு என்று கட்டணம் வாங்கும் வைத்தியர்கள் வீடு தேடி வருவார்கள். வாழவந்தி நாட்டில் பிறந்தால், ஓர் ஊனச் சான்றிதழ் வாங்கக் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு 50 கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்து நாமக்கல்லுக்கு இறங்க வேண்டியிருக்கிறது. ஊனத்திலும் வர்க்கம் இருக்கிறது, தோழர்களே!

நம்மையும் கேட்டுக்கொள்வோம்

சர்க்காரை நோக்கி விரல் நீட்டினோம். இப்போது நம் பக்கம் திருப்புவோம்.

ஆலைத் தோழரே! எட்டு மணி நேர வேலைக்காக நம் முன்னோர் ரத்தம் சிந்தினார்கள் என்று மே தினத்தன்று பேசுகிறோம். நம் வீட்டில் இருக்கும் பெண்ணுக்கு எத்தனை மணி நேர வேலை? ஷிப்ட் முடிந்து வந்து நாம் கால் நீட்டி உட்காருகிறோம். அவளுக்கு இரண்டாவது ஷிப்ட் ஆரம்பமாகிறது. சங்கக் கூட்டத்தை மாலை 7 மணிக்கு வைக்கிறோம். அது உலை வைக்கிற நேரம். பிறகு, "பெண்கள் கூட்டத்துக்கு வருவதில்லை" என்று குறைப்படுகிறோம்! மருமகள் சிறப்புப் பள்ளிக்கு வேலைக்குப் போனால், "ஊரான் பிள்ளையைப் பார்க்கப் போகிறாள், சொந்தப் பிள்ளையை விட்டுவிட்டு" என்று திண்ணையில் உட்கார்ந்து பேசுகிறவர்களில் நம்மவர்களும் உண்டு. இதை மறைத்துப் பயனில்லை. சோறு வடிக்கவும் பிள்ளையைக் குளிப்பாட்டவும் ஆண் கை இறங்கினால் கை தேய்ந்துவிடாது. சுரண்டலை வாசலுக்கு வெளியே மட்டும் எதிர்த்தால் போதாது.

விவசாயத் தொழிலாளித் தோழரே! "அவர்கள் படித்த டீச்சரம்மா, அவர்கள் பிரச்னை நமக்கெதற்கு?" என்று எண்ண வேண்டாம். அவள் சொல்லித் தருவது பெரிய மனிதர் பிள்ளைக்கு அல்ல. உம் பிள்ளைக்கு, உம் தெருப் பிள்ளைக்கு. அவள் என்றாவது போராட்டத்தில் இறங்கி மையம் இரண்டு நாள் பூட்டிக் கிடந்தால், அதிகாரிகள் பெற்றோரைத் தூண்டிவிட்டு, "உங்கள் பிள்ளைகளைக் கைவிட்டுவிட்டார்கள் பாருங்கள்" என்பார்கள். அந்த வலையில் விழாதீர்கள். பெற்றோரும் ஆசிரியையும் ஒரே திண்ணையில் உட்கார்ந்திருப்பவர்கள். அந்த இரண்டு நாளில் பெற்றோரே அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிட்டால் எந்த அதிகாரிக்கும் வாய் திறக்க வராது.

நாம் கேட்பவை

ஒன்று: ஒப்பந்தத்தில் உழைக்கும் சிறப்பாசிரியர்களையும் இயன்முறை சிகிச்சையாளர்களையும் 2025 மார்ச் உத்தரவின்படி முறைப்படுத்தி, நிரந்தர ஆசிரியருக்குள்ள சம்பளமும் விடுப்பும் கொடு. ஆயாக்களை மறந்துவிடாதே.

இரண்டு: தொண்டு நிறுவனச் சிறப்புப் பள்ளிகளில் சர்க்கார் மானியத்தில் வேலை செய்வோருக்கும் அதே சம்பளத்தை உறுதி செய், மானியத்தை மாதந்தோறும் தவறாமல் அனுப்பு.

மூன்று: கொல்லிமலை போன்ற மலைப் பகுதிக்குத் தனிக் கணக்கு. சமவெளியில் ஒருவர் பார்க்கும் குழந்தைகளை மலையில் ஒருவர் பார்க்க முடியாது; நடையிலேயே பாதி நாள் போய்விடும். மலைப் படியும் பயணச் செலவும் வாகன வசதியும் வேண்டும்.

நான்கு: செம்மேட்டில் மாற்றுத்திறன் குழந்தைகளுக்கு முழுநாள் பராமரிப்போடு கூடிய பள்ளி வேண்டும். மலைவாழ் மக்களிலிருந்தே பெண்களைப் பயிற்சிக்கு அனுப்பி அங்கே வேலை கொடு. சான்றிதழ் வழங்க வைத்தியர்கள் மலையேறி வரட்டும். தாய்கள் மலையிறங்க வேண்டாம்.

ஐந்து: குழந்தைகள் காப்பகத்துக்கு வைத்த 6 வயது எல்லை மாற்றுத்திறன் குழந்தைக்குப் பொருந்தாது என்று விதியை மாற்று. வீட்டில் பராமரிக்கும் தாய்க்கு வயிறு நிரம்புகிற அளவுக்குத் தொகையை உயர்த்து.

இவை ஆகாசத்து நட்சத்திரங்கள் அல்ல. சட்டத்தில் பாதி ஏற்கெனவே எழுதியிருக்கிறது. மீதிப் பாதியை எழுத வைக்க வேண்டும். ஆலைச் சங்கங்களும் விவசாயத் தொழிலாளர் சங்கங்களும் தங்கள் அடுத்த மகஜரில் இந்தக் கோரிக்கைகளையும் சேர்க்க வேண்டும் என்று நாம் கேட்டுக்கொள்கிறோம். கூட்டத்தை உலை வைக்கும் நேரத்தில் அல்ல, பெண்கள் வரக்கூடிய நேரத்தில் கூட்டுங்கள். பாயில் கிடக்கும் குழந்தையையும் தூக்கிக்கொண்டு வரச் சொல்லுங்கள்.

குடும்பமா வேலையா என்று ஒரு பெண்ணைத் தராசில் நிறுத்திக் கேட்பதை விடுவோம். இரண்டும் அவள் உரிமை. இரண்டுக்கும் நேரமும் கூலியும் துணையும் கொடுப்பது சமூகத்தின் கடமை. சர்க்கார் கொடுக்காவிட்டால் சேர்ந்து நின்று வாங்குவோம்.

வாழ வந்தவர்கள் வாழத்தான் வேண்டும். வாழவந்தி நாட்டின் கடைசிக் குடிசைத் திண்ணையில் கிடக்கும் குழந்தையும் சேர்த்துத்தான்!